மொட்டைமாடி ஹீட்டரும் வாப்பாவின் தலைவலியும்

1. மழை பிடித்த வாரத்தில் வளைகுடாவிலிருந்து கார்கோ பெட்டி வந்தது. பின்னாலேயே அதை அனுப்பிய நானாவும், அதாவது என் அண்ணனும், விடுப்பில் வந்தார்.

2. பெட்டிக்குள் பால் பவுடருக்கும் சோப்புக்கும் நடுவே, பாகம் பாகமாக ஒரு கேஸ் ஹீட்டர். மாட்டி முடித்தால் குடை விரித்த மாதிரி ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். அங்கே குளிர்காலத்தில் திறந்தவெளியில் வைப்பது.

3. அதன் ரெகுலேட்டர் நம் ஊர் சிலிண்டரில் பொருந்தவில்லை. அடுப்பு ரிப்பேர்காரர் வந்து புதுக் குழாயும் நம் ரெகுலேட்டரும் மாட்டினார். அழுத்தம் ஒத்துப்போகிறதா என்று ஹீட்டரின் தகட்டில் பார்த்தேன். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழி வரவில்லை.

4. மாடியில், நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையின் ஓரத்தில் வைத்தோம். வாப்பாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, மழைக்காலத்தில் முட்டி வலி. அதற்காகத்தான்.

5. கடல் காற்றில் நெருப்பு அணைந்துகொண்டே இருந்தது.

6. வாப்பாவுக்குத் தினமும் சாயங்காலம் தலைவலி வந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு வரி விடுபட்டிருப்பதாக எனக்குப் பட்டது.

கீழவாஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாயு அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. வீடு திரும்ப ஏழு மணி ஆகும். அதற்குள் ஹீட்டர் அணைந்திருக்கும், வாப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு பால் விடாத சுலைமானி டீ கேட்டுக்கொண்டிருப்பார்.

“மழைல தலைக்கு ஊத்தாதீங்கன்னா கேக்குறாங்களா?” என்றார் நானா.

“ஆமா, அதான், அதான்” என்றார் வாப்பா.

நானா சொன்ன எதையும் வாப்பா இத்தனை சீக்கிரம் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஹீட்டரின் குடைக்கு அடியில் கரி படிந்திருந்தது. காற்று போதுமான அளவு கிடைத்தால் சுடர் நீலமாக எரியும், கரி விடாது. கொட்டகைத் தூண்களில் கயிறு உரசிய தடம் இருந்தது. மூலையில் பைக்கை மூடும் பெரிய தார்ப்பாய், அவசரமாக மடித்த மடிப்பில். பிரித்தேன். மழை பட்டால் வெளிப்பக்கம்தான் நனையும். இதில் உள்பக்கமும் வியர்த்திருந்தது.

கீழே இறங்கி அடுப்படிக்குப் போனேன். உம்மா திரும்பிப் பார்க்காமலே, “எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் மாடிப் பக்கமே போறதில்ல” என்றார். நான் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்தேன். மேலாளரிடம் சொல்லிவிட்டு, கார்பன் மோனாக்சைடு அளக்கும் சட்டைப்பை மீட்டர் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு மாடி ஏறினால், கொட்டகை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாயில் ஓர் அறை. உள்ளே மஞ்சளாக வெளிச்சம்.

ஒரு பக்கத்தை விலக்கினேன். மீட்டர் அலறியது.

கைலியை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு வாப்பா நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் நானா, போனும் கையுமாக.

“என்ன புள்ள அது, எலிக்குஞ்சு மாதிரி கத்துது?”

“வெளிய வாங்க வாப்பா. எதுன்னாலும் வெளிய வந்து கேளுங்க.”

“வந்துட்டாங்கய்யா ஆபீசரம்மா!” என்றார் நானா. “காத்துல நெருப்பு நிக்கமாட்டேங்குது. அதான் மூணு பக்கம் கட்டினேன்.”

“நாலாவது பக்கம்?”

“அது வாப்பா கட்டுனது.”

வாப்பா எழுந்தார். எழுந்தவர் தள்ளாடினார். கையைப் பிடித்துத் தூறலில் கூட்டிக்கொண்டு வந்து கைப்பிடிச் சுவரோரம் உட்கார வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சிலிண்டரை மூடினேன். குழாயில் இருந்தது எரிந்து அடங்கியது. பிறகு கயிறுகளை அறுத்தேன்.

“பொகையே இல்லையே புள்ள” என்றார் வாப்பா. “கேஸ் வாடையும் இல்ல.”

“சிலிண்டர் ஒழுகுனாத்தான் வாடை வரும். நெருப்புக்கே மூச்சு முட்டுனா வர்றது இது. நிறமும் கெடையாது, வாடையும் கெடையாது.”

“நாலு பக்கமும் மூடுனப்பத்தான் முட்டிக்குச் சூடு நின்னுச்சு” என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

நானா ஆட்டோ கூப்பிட ஓடினார். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வாப்பாவுக்குச் சில மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள், நேரத்தோடு வந்தீர்கள் என்றார்கள்.

வாப்பாவோடு நான் வீட்டுக்கு வந்தபோது, முன்னாலேயே திரும்பியிருந்த நானா தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தார். சிலிண்டரைக் கீழே இறக்கி, மாடிப்படிக்கு அடியில், இன்வெர்ட்டர் பக்கத்தில் படுக்க வைத்துச் சாக்கு போட்டு மூடியிருந்தார்.

“படுக்கவா வெச்சீங்க?”

“நின்னா விழுந்துடும்ல?”

“படுக்க வெச்சு ஒழுகுனா கேஸ் தண்ணியாவே வந்து வீட்டுக்குள்ள தேங்கும் நானா. பக்கத்துல இன்வெர்ட்டர் வேற, ஒரு பொறி போதும். நிமித்தித் தூக்குங்க, வெளிய போவட்டும்.”

இருவரும் தூக்கினோம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த ஹீட்டரை அவர் வாப்பாவுக்காக அத்தனை தூரத்திலிருந்து அனுப்பியிருந்தார்.

இன்றைய நிலை: நானா திரும்பிப் போய்விட்டார். ஹீட்டர் குழாய் கழற்றி, உறை போட்டு, மாடியில் நிற்கிறது. சிலிண்டர் கொல்லையில், கூரை உள்ள திறந்த இடத்தில், மூடி மாட்டி, சுவரோடு சங்கிலி கட்டி நிமிர்ந்திருக்கிறது. வாப்பாவுக்குத் தலைவலி நின்றுவிட்டது, முட்டி வலி இருக்கிறது. வெந்நீர்ப் பை வாங்கிக் கொடுத்தேன். தினமும் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். நான் இன்னும் நம்பவில்லை.