மூன்று முறை கழுவிய பாட்டில்கள்

தண்ணீர்ச் சோதனை செய்கிறவளுக்கு வேண்டியவை இரண்டுதான்: இறுக மூடும் பாட்டில், இறுக மூடத் தெரிந்த வாய். முதலாவதைக் கல்லூரி கொடுத்தது. இரண்டாவது எனக்குப் பிறவியிலேயே இல்லை. வாதம் செய்ய ஆள் கிடைத்தால் மதியச் சாப்பாட்டையே மறந்துவிடுகிறவள் நான். எம்.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டில், கல்லூரிச் சமூகசேவை அணிக்காகக் கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, ஊர் பார்த்த பார்வையில் சுருங்கிப்போனவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கை தட்டாதவர்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த புதிது. லாரிப் புழுதியும் உப்பளக் காற்றும் சேர்ந்து எங்கள் வளாகத்தில் புல்கூட முளைக்க விடவில்லை. மரம் நட வேண்டும் என்று ஆண்டு முழுக்கக் கத்தியவர்களில் முதல் குரல் என்னுடையது. ஒருவழியாகக் கல்லூரி முதல்வர் இசைந்தார். பின்சுவரை ஒட்டி வேம்பும் புங்கும் பூவரசும் நட்டோம். அங்கிருந்த பழைய கிணற்றை ஆழப்படுத்தி மின்மோட்டார் வைத்தார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், மணலுக்கடியில், இத்தனை நல்ல தண்ணீரா என்று எல்லாருக்கும் வியப்பு.

மோட்டாரை முதல்முறை ஓட்டிய அன்று நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். தோட்டக்காரர் பொன்னையா அண்ணாச்சி மட்டும் தட்டவில்லை. காரணம் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களின் குடியிருப்பு இருக்கிறது, அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு கிணறு என்றார். அவர்கள் கிணறு அவர்களுக்கு, நம் கிணறு நமக்கு, இதில் என்ன இடைஞ்சல் என்று நான் வாதத்துக்குத் தயாரானேன். அவர் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “மண்ணுக்கு மேலதான் தாயீ சுவரு கட்டியிருக்கு. அடியில கட்டலையே.”

வாசலில் வந்த புகார்

கோடை பிறந்ததும் அந்தக் குடியிருப்புப் பெண்கள் கூட்டமாக வந்து கல்லூரி வாசலில் நின்றார்கள். மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு தங்கள் கிணறு உப்பாகிவிட்டது, குடிக்க முடியவில்லை என்பது புகார். காவலாளி அவர்களை உள்ளே விடவில்லை. அவரோடு நான் சண்டை பிடித்தேன், பலனில்லை. முதல்வர் தன் அறையிலிருந்தபடியே பதில் சொல்லி அனுப்பினார். தண்ணீரைப் பரிசோதிப்போம், உப்பு என்று நிரூபணமானால் மோட்டாரை நிறுத்துவோம் என்றார். எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. நானே ஓடிப்போய் அவர்களிடம் அறிவித்தேன்.

முன்னால் நின்றவர் பெயர் சலேத்தம்மாள். நாற்பது வயதிருக்கும். அளத்தில் உப்பு வாரி வாரி அவர் பாதங்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, என்னை விட்டுவிட்டு மற்ற பெண்களிடம் திரும்பினார்: “கேட்டியளா, விடியமுன்ன இருந்து உப்புல நிக்கவளுக்கு உப்பு தெரியாதாம். பாட்டிலு வந்து சொல்லணுமாம்.”

பாடம் நடத்திய மத்தியானம்

மறுநாள் ஆறு பாட்டில்களோடு போனேன். அளத்து வேலை முடிந்து பெண்கள் அப்போதுதான் வந்திருந்தார்கள். சலேத்தம்மாள் தன் ஓலை வீட்டுக்குள் பாய் விரித்து உட்காரச் சொன்னார். கிணற்றடி வழுக்கும், சேலை நனைந்துவிடும், நாங்கள் பிடித்துத் தருகிறோம் டீச்சர் என்றார்கள். நான் டீச்சர் இல்லை என்று விளக்கினேன்; விளக்கிவிட்டு டீச்சரைப் போலவே பாடம் நடத்தினேன். பாட்டிலில் எந்தத் தண்ணீரை நிரப்பப் போகிறோமோ, அதே தண்ணீரால் அதை மூன்று முறை அலசிக் கீழே ஊற்ற வேண்டும். அதன் பிறகே நிரப்ப வேண்டும். இல்லையென்றால் சோதனை செல்லாது.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டில்களை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார்கள். உள்ளே சலேத்தம்மாளின் மகள் ரோசாலி படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பக்கத்தில் பிறந்து பத்து நாளான குழந்தை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதன் அவசியத்தை அவளுக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து சலேத்தம்மாளின் குரல் தயங்கித் தயங்கி வந்தது: “மூணு தடவையும் கீழதான் ஊத்தணுமா டீச்சர்?”

செங்கல் நிறம்

தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. மஞ்சளாக நிறமேற்றிய தண்ணீரில், பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் வரும்போது நிறுத்த வேண்டும். உப்பு குறைவென்றால் சீக்கிரமே நிறம் மாறிவிடும். ஆறு பாட்டில் தண்ணீரும் சில சொட்டுகளிலேயே மாறிவிட்டது. அது எங்கள் விடுதிக் குடிநீருக்குச் சமமான தண்ணீர்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இவர்களுக்காகக் காவலாளியிடம் சண்டை போட்டேனே, என்னையே ஏமாற்றப் பார்த்தார்களே என்று குமுறினேன். ‘புகாரில் உண்மை இல்லை’ என்ற வரியை அறிக்கையில் எழுதியது நான்தான். எங்கள் பேராசிரியர் கையெழுத்திட்டார். முதல்வர் மோட்டாரைக் காலையில் மட்டுமல்ல, மாலையிலும் ஓட்டச் சொன்னார். பேராசிரியர் பேனாவை மூடியபடி என்னிடம் கேட்டார்: “அவங்களுக்கு நாக்கு இருக்கு, நமக்கு பியூரெட் இருக்கு. எதை நம்பணும்னு இப்பத் தெரிஞ்சுதாம்மா?”

ஒரு வாய்த் தண்ணீர்

அறிக்கை கொடுத்ததோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்கே போய், கிணற்றடியில் நின்று உரக்க வாசித்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசாதவர்களோடு வாதம் செய்வது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. அவர்கள் முன்னாலேயே நிரூபிக்கிறேன் என்று வாளியை விட்டு இறைத்து, கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தேன்.

தொண்டை எரிந்தது. துப்பிவிட்டேன். அப்படியானால் அந்த ஆறு பாட்டிலில் இருந்தது எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமுள்ள குழாயில் வரிசையில் நின்று, இடுப்பில் சுமந்து கொண்டுவந்த குடத் தண்ணீர் என்றார்கள். பிள்ளை பெற்ற ரோசாலிக்கென்று மூடி வைத்திருந்தது. ஆறு பாட்டிலை மும்மூன்று முறை அலசி நிரப்பியதில் குடம் காலி. அன்று ரோசாலிக்கு மறுபடி தண்ணீர் கிடைக்க எவ்வளவு நேரமாயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. கிணறு உப்பு என்பதைத்தான் வாசலில் வந்து சொல்லியாயிற்றே, சொன்ன பிறகு அதை எதற்கு அடைத்துத் தர வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். சலேத்தம்மாளுக்கு நான் அன்றோடு டீச்சர் இல்லை, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற ‘ஏளா’தான்: “ஏளா, வீடு தேடி வந்த பிள்ளை கையில உப்புத் தண்ணியக் கொடுத்துவிடச் சொல்லுதியா? அங்கன காலேசுல பெரியவுக வாயில வச்சுப் பாப்பாகள்லா.”

கையெழுத்து

இந்த முறை நானே இறைத்தேன், நானே அலசினேன், நானே நிரப்பினேன். ஆய்வகத்தில் பியூரெட் முழுவதும் இறங்கித் தீர்ந்தது. தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. திரும்ப நிரப்பி விட்ட பிறகுதான் செங்கல் நிறம் எட்டிப்பார்த்தது. எங்கள் மோட்டார் அடியிலிருந்த நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் கடல் ஊறி வந்திருந்தது. முதல் அறிக்கை தவறு, மாதிரி எடுத்தது என் பிழை, மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று எழுதிப் பேராசிரியரிடம் நீட்டினேன்.

அவர் நெடுநேரம் வாசித்தார். சோதனையில் பிழையில்லை, அந்தப் பெண்கள் கொடுத்த தண்ணீர்தான் வேறு, அப்படி எழுதினால் நாம் இருவருமே தப்பலாம் என்றார். நாம் தப்பலாம் சார், பழி அவர்கள்மேல் விழுந்தால் அந்தக் கிணறு எப்படித் தப்பும் என்று கேட்டேன். கோடையில் மோட்டாரை நிறுத்தினால் கன்றுகள் கருகுமே, மரம் வேண்டும் என்று கத்தியவளே நீதானே என்றார். ஆமாம் என்றேன். என் வாயிலிருந்து வந்த மிகச் சிறிய வாதம் அதுதான். அவர் தாளை இழுத்து வைத்துக்கொண்டார்: “கையெழுத்துப் போடறேன். ஆனா உன் பேருக்கு மேலே வேண்டாம், கீழே போட்டுக்கறேன்.”

காய்ந்த வரிசை

மோட்டார் நின்றது. கிணறு தேறும்வரை குடியிருப்புப் பெண்கள் எங்கள் விடுதிக் குழாயில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் முதல்வர் ஒப்புக்கொண்டார். அதற்கு நான் மூன்று நாள் அவர் அறை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. கன்றுகளுக்கு விடுதியின் குளியல் தண்ணீரைச் சுமந்து ஊற்றினோம். முதல் வாரம் பத்துப் பேர், இரண்டாம் வாரம் நான்கு பேர், பிறகு நானும் பொன்னையா அண்ணாச்சியும். புங்கும் பூவரசும் கருகின. வேம்பில் சில நின்றன. மரம் வளர்க்க வந்தவள் மரத்தைக் கொன்றாள் என்று விடுதியில் பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தக் கிணற்றை மறுபடி சோதித்தேன். உப்பு குறைந்திருந்தது, போகவில்லை. இன்னும் எத்தனை மழை வேண்டும் என்று என் பாடப் புத்தகம் எதிலும் இல்லை. அந்தச் செய்தியோடு திரும்பிய அன்று, குடத்தோடு வந்த சலேத்தம்மாள் பின்சுவரோரம் காய்ந்து நின்ற குச்சிகளைப் பார்த்து நின்றார். உங்களுக்காகத்தான் இவை போயின என்று, சொல்லக் கூடாததை, நான் சொல்லிவிட்டேன். அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்: “எங்களுக்காண்டி சாகலளா அது. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா நட்டிய?”

நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் அந்த இடத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தால், பாதி நல்லதுகள் நடக்காமலே போய், ஊர் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும்.