வழியனுப்ப எழுந்தவர்

மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி இறங்கியே வயதானவர் என் கணவர். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து ஒரு நாளும் விழாத மனிதர், வீட்டு வாசலில் சறுக்கினார்.

மழைக்காலத்தில் எங்கள் மலை ஊரான தலைச்சோலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் நிலைப்படிக்கு உள்ளே ஒரு சாக்கு கிடக்கும், சேற்றுக்காலைத் துடைக்க. சாணி மெழுகிய தரையில் அது அசையாது. சேலத்தில் வேலை பார்க்கும் மகன் ஆசையாகப் போட்டுத் தந்த டைல்ஸில் வழுக்கியது. சுவரைப் பிடித்துத் தப்பித்தார், மணிக்கட்டு வீங்கியதோடு சரி. ஆனால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எலும்பு நொம்பத் தேஞ்சிருக்குதுங்க. இன்னொருக்கா விழுந்தா எந்திரிக்கறது கஷ்டம்" என்றார்.

அன்றே சாக்கைக் கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் போட்டேன். மகன் குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைத்தான். அவர் எழுந்தால் நானும் எழுந்தேன். "மாப்பிள்ளை ஊர்வலமா, கூடவே வர்றே?" என்று கிண்டல் செய்வார். செய்துகொள்ளட்டும், விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

ஒரு மழை நாளில் பக்கத்து வீட்டுப் பெண் அவரை நலம் விசாரிக்க வந்தாள். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். புதுத் தரையைச் சேறாக்க மனமில்லாமல், அவளே கொட்டகைக்குப் போய்ச் சாக்கை எடுத்து வந்து விரித்துக் காலைத் துடைத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. காபியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன்.

அவள் கிளம்பினாள். வந்தவர்களை உட்கார்ந்தபடி அனுப்புகிற வழக்கம் எங்களுக்கில்லை.

"நீங்க உக்காருங்க மாமா, நான் போய்க்கறேன்."

"அதெப்படிங் கண்ணு? வாசல் வரைக்கும் வர்றேன்."

அடுத்துக் கேட்டது அவர் விழுந்த சத்தம். ஓடி வந்து பார்த்தபோது சாக்கு அவர் காலடியில் சுருண்டு கிடந்தது.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் செய்து ஜீப்பில் கொண்டு வந்தோம். இன்றுவரை அவர் எழுந்து நிற்கவில்லை. முதுகில் புண் வராமலிருக்க நான்தான் புரட்டிப் படுக்க வைக்கிறேன்.

அவள் தினமும் வருகிறாள். குடையோடு வெளியிலேயே நின்று, "ஏனுங்க்கா, மாமா சாப்ட்டாங்களா?" என்று அழுகிற குரலில் கேட்கிறாள். நல்ல மனதோடு செய்தவள்தான். தெரிந்து என்ன, வயிறு எரிகிறதே.

"மழையில நிக்குது பாரு, உள்ள வரச்சொல்லு" என்கிறார் இவர்.

"போயிட்டாளுங்க" என்கிறேன்.