மேலே ஏறிய சூரியன்

1957 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி இருபது. வானத்தில் முகில் இல்லை. கடலின் மேல் மட்டும் மெல்லிய புகார் மூட்டம். ரமழானின் பதின்மூன்றாம் நோன்பு. எட்டு வயதான எனக்கு அதுதான் முதல் நோன்பு.

பகல் இரண்டு மணிக்குள் நான் நோன்பை முறித்துவிடுவேன் என்று அக்காவான ராத்தா எங்கள் ஊர் கிண்ணியா முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அவளைத் தோற்கடிக்காமல் ஓய்வதில்லை என்று உம்மாவின் கடைசித் தம்பியோடு திருகோணமலைக்கு வந்துவிட்டேன். அந்த நகரத்துக்கு இரண்டு பக்கமும் கடல். சூரியன் எந்தப் பக்கம் விழும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. கரையில் கவிழ்த்திருந்த தோணியின் ஓரமாகத் தூங்கிப்போனேன்.

விழித்தபோது தண்ணீருக்குச் சற்று மேலே சிவப்பு வட்டம் ஒன்று நின்றது.

“நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிட்டாங்களா மாமா?”

“கண் தெரியல்லையா மருமகன்? சூரியன் இன்னும் நிக்குது. அது தண்ணியில முட்டுமட்டும் பார்த்துக்கிட்டே இருங்க. உம்மா தந்த பொதிய என்னட்டத் தாங்க. மணத்தில நோன்பு போயிரும்.”

நான் எதையும் அளந்து பார்க்காமல் நம்புகிறவனல்ல. அன்று காலை கையை நீட்டி உதயசூரியனைச் சுண்டுவிரல் நகத்தால் அளந்திருந்தேன், பாதி நகம். இப்போதும் நீட்டினேன். அதே பாதி நகம். சூரியன்தான், ஐயமில்லை.

முதுகுக்குப் பின்னால் ஏதோ நொறுங்கும் சத்தம். கண்ணை எடுத்தால் நோன்புக்குக் கேடு என்று திரும்பவில்லை.

“மாமா, சூரியன் மேல போகுது!”

“புதுசா நோன்பு பிடிக்கிற ஆக்கள அது சோதிக்கும். பொறுங்க.”

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மீனவர் ஒருவர் நின்றார்.

“என்ன தம்பி, நிலவுக்குக் காவலோ? பாங்கு சொல்லிக் கால் மணித்தியாலம் ஆச்சுதே!”

திரும்பினேன். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு ஒரேயொரு பேரீச்சம்பழத்தை நீட்டினார். ராத்தா தோற்றுவிட்டாள் என்பதுகூட நினைவில்லாமல் அழுதேன்.

சூரியன் நிலவைவிட ஏறத்தாழ நானூறு மடங்கு பெரியது. ஏறத்தாழ அத்தனை மடங்கு தொலைவிலும் நிற்கிறது. அதனால் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு என்று பின்னாளில் படித்தேன். இரண்டும் ஏன் இப்படிப் பொருந்தவேண்டும் என்று கேட்டால், தற்செயல் என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆனால் அன்று என்னை அழவைத்தது வேறு: அளவில் ஒரு பிழையும் இல்லாமலே ஒருவன் ஏமாறலாம் என்பது எனக்கு அதுவரை விளங்கியிருக்கவில்லை.

உம்மாவின் பொதியில் இருந்தவை: மூன்று சமூசா, இரண்டு வடை.