அம்மாவின் ஈரல் பங்கு

என் அம்மா சீதேவி சல்லி என்ற ஊரின் கரையில் முப்பத்தெட்டு வருடம் மீன் வெட்டினார். பெரிய மீன் மட்டும்: சுறா, திருக்கை. வள்ளக்காரர் இழுத்துவந்து போடுவார்கள். அவர் வயிற்றைக் கிழித்து, துண்டாக்கி, கருவாட்டுக்கு உப்பிடுவார். அப்பா இறந்த பிறகு என்னையும் தம்பியையும் அந்த வேலையில்தான் படிப்பித்தார்.

எங்கள் கரையில் சுறாவை வெட்டுகிறவளுக்குக் கூலியோடு ஈரலும் சேரும். அதற்கு யாரும் பேரம் பேசுவதில்லை. அம்மா அதில் பாதியை வறுத்துச் சோற்றோடு சாப்பிடுவார். மீதியை உருக்கி எண்ணெயாகப் போத்தலில் வைப்பார். எனக்கும் தம்பி நிதுசனுக்கும் காலையில் ஒரு கரண்டி. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். தம்பி வேலிக்குப் பின்னால் போய்த் துப்புவான். அம்மாவுக்கு அது தெரியும். திரும்பி வந்ததும் அவனுக்கு இரண்டாவது கரண்டி இருக்கும்.

நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தேன். பதினொரு வருடமாகக் கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறேன். அம்மா ஊரில் என்னைப் பற்றி "டொக்டர் மாதிரி" என்று சொல்லிவந்தார். சில வருடங்களில் "மாதிரி" போய்விட்டது. நான் திருத்தவில்லை.

போன வருடம் சித்திரை விடுமுறைக்குப் போனபோது, அம்மா பொழுதுபட்ட பிறகு குசினி வாசற்படியைக் காலால் தடவித் தேடுவதைக் கண்டேன். கேட்டேன்.

"பகல்ல நல்லாத் தெரியுது, பிள்ளை. பொழுதுபட்டாத்தான் ஆரோ சீலையால மூடின மாதிரி."

கணுக்கால்கள் வீங்கியிருந்தன. அதையும் கேட்டேன். நாள் முழுக்க நிற்கிற காலுக்கு வேறு என்ன வேலை என்று சிரித்தார். தோள் எலும்பு துருத்தியிருந்ததைப் பார்த்தேன். வயது என்று நினைத்தேன்.

அம்மாவின் கையிலிருந்து ஒரு குழாய் இரத்தம் எடுத்தேன். ஒன்று மட்டும். வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸ் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். வைட்டமின் ஏ, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோய்க்குப் பெயர் இருந்தது, மருந்து இருந்தது, கண்டுபிடித்தவள் நான். ஒரு நாளைக்குத் தேவையானதைப் போலப் பத்து மடங்கு கொண்ட குளிசைகள். போத்தல் போத்தலாக அனுப்பினேன். ஈரல் எண்ணெயையும் விட வேண்டாம் என்று சொன்னேன்.

நான் செய்த பிழையை எழுத வேண்டும். வைட்டமின் ஏ எண்ணெய்த் தன்மையுள்ளது. இரத்தத்தில் தானாகக் கரைந்து ஓடாது. உடம்பு அதை ஈரலில் சேமித்து வைக்கிறது. கண்ணுக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஈரல் ஒரு புரதத்தைச் செய்து, அதில் ஏற்றி அனுப்பும். ஒரு புரதத்தில் ஒரு மூலக்கூறு. சிறுநீரகத்தில் வடிந்து போகாமலிருக்க இன்னொரு பெரிய புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குள் போனால் அங்குள்ள புரதங்கள் கைமாற்றிக்கொள்ளும். ஆகவே இரத்தத்தில் வைட்டமின் ஏ குறைந்தால் காரணம் இரண்டில் ஒன்று. சரக்கு இல்லை, அல்லது சரக்கு இருக்கிறது, ஏற்றிப்போக வள்ளம் இல்லை. ஈரல் கெட்டுப்போனவர்களுக்கு இரண்டாவது நடக்கும். அவர்களுக்கு மேலும் மேலும் கொடுத்தால், ஏற்றிப்போக ஆளில்லாத சரக்கு அந்த ஈரலையே அரிக்கும்.

இது எனக்கு அப்போதே தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அம்மாவின் விஷயத்தில் அந்தப் படிப்புகூடத் தேவையில்லை. முப்பத்தெட்டு வருடம் சுறா ஈரல் சாப்பிட்டவருக்கு வைட்டமின் ஏ எப்படிக் குறையும்? ஊரில் யாரைக் கேட்டாலும் சிரித்திருப்பார்கள். அந்தப் புரதத்தை அளக்க இரண்டாவது குழாய் போதும். ஈரலைப் பார்க்க மூன்றாவது. நான் எடுக்கவில்லை.

பத்து மாதம் அம்மா ஒரு நாளும் தவறவில்லை. தோல் உரிந்தது. தலையிடி வந்தது. தொலைபேசியில் சொன்னபோது வெயில் என்றேன். மாசியில் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, தம்பி தன் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான் இரவோடு இரவாக வந்து சேர்ந்தேன்.

வார்ட்டில் டொக்டர் கேட்டார், வீட்டில் ஏதாவது மருந்து எடுத்தனீங்களா என்று. அம்மா என்னைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை, ஐயா."

டொக்டர் அல்லாத மகள் மருந்து கொடுத்தாள் என்று எனக்குப் பிரச்சினை வரும் என்று பயந்திருக்கிறார். நானும் பேசவில்லை. வைட்டமின்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் கட்டில் முனையில் தொங்கிய மருத்துவக் குறிப்பை வாசித்தேன். ஈரல் சுருங்கிப் பல வருடம். ஈரல் செய்கிற புரதங்கள் எல்லாம் கீழே. அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கியது. அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. தலையணைக்குக் கீழே குளிசைப் போத்தல் இருந்தது. அங்கேயும் ஒளித்துக் குடித்திருக்கிறார். அதை எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

"முடிஞ்சு போச்சோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்" என்றேன்.

பதினோராம் நாள் இறந்தார்.

முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாடு முடிந்து பெண்கள் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தம்பி வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்: அக்காதான் கொழும்பிலிருந்து எல்லாம் பார்த்தா, அக்கா இல்லாவிட்டால் அம்மா எப்போதோ போயிருப்பா. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுத் தங்கமுத்து மாமி கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவரிடம் ஒரு போத்தல் கொடுத்திருக்கிறார். தன் மகளின் மருந்து, கண்ணுக்கு நல்லது என்று.

"நான் குடிக்கேல்ல, பிள்ளை. மருமகளுக்கு வைச்சிருக்கிறன். வயித்தில பிள்ளை தங்கினா அதுக்குக் கண் வடிவா வருமெண்டு கொம்மா சொன்னவ. நாளைக்கு வெள்ளிக்கிழமை. தொடங்கட்டோ?"

மருமகள் விதுசாவுக்கு இப்போது இரண்டு மாதம். குழந்தையின் முகமும் இருதயமும் உருவாகிற நேரம். இந்த அளவு வைட்டமின் ஏ அதைக் கோணலாக்கிவிடலாம்.

வேண்டாம் என்றேன். ஏன் என்றார். கர்ப்பத்துக்குக் கூடாது என்றேன். அவர் சிரித்தார்.

"கொம்மா பத்து மாசம் குடிச்சவ. ஒண்டும் செய்யேல்லயே."

ஒரு பொய் சொல்லிப் போத்தலை வாங்கிவிடலாம். காலாவதியாகிவிட்டது என்றால் போதும். ஆனால் அம்மா இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தம்பி நாலடி தள்ளி நின்றான்.

"செய்தது, மாமி" என்றேன். "அம்மாவின்ர ஈரல் முதலே பழுது. அது தெரியாமல் நான் இதைக் குடுத்தனான். அதால இன்னும் கெதியாப் போனவ. ஆஸ்பத்திரியில எனக்கு விளங்கினது. நான் சொல்லேல்ல."

கிணற்றடியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமி வீட்டுக்குப் போய்ப் போத்தலைக் கொண்டுவந்தார். மூடி உடைக்கப்படவில்லை. என் கையில் தராமல் மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் மேலும் இரண்டு வீடுகளிலிருந்து வந்தன.

அடுத்த நாள் காலையில் தம்பி ஓட்டோவை வெளியே எடுத்து நிறுத்தினான்.

"டொக்டரிட்டயும் போய்ச் சொல்லு."

போனேன். டொக்டர் முழுவதும் கேட்டு எழுதிக்கொண்டார். குளிசை இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு நீண்ட காலம் இருந்திருக்காது என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஒரு வருடம், இரண்டு வருடம், சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்து அதைத் தம்பியிடம் சொன்னேன்.

"ரெண்டு வருசம்" என்று அவன் சொன்னான். பிறகு ஓட்டோவைத் திருப்பினான்.