வெள்ளை நகங்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என்னிடம் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் இருவர் எழுதினார்கள், நாற்பது மைல் இடைவெளியில். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. எனக்கே சந்தேகம் வரும்போது அவற்றை எடுத்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்ப்பேன். இன்றும் பார்த்தேன்.

1996 ஆகஸ்ட். அயோவாவில் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், அதற்கொரு பேஸ்பால் அணி. பெரிய லீக்குக்குப் போக நாலைந்து படி ஏற வேண்டும். நாங்கள் கிடந்தது அடிப்படி. எட்டு மணி நேர பஸ், முழங்காலை மடக்கிக்கொண்டு தூக்கம், வேளைக்கு வேளை ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும். நான் பந்து எறிபவன். எனக்கு எதிரே குந்தியிருந்து அதைப் பிடிக்கும் கேட்சர் ஓஸ்மெல். வெனிசுவேலாக்காரன், இருபது வயது. வெர்னா என்ற விதவை தன் வீட்டுக் கீழறையை எங்கள் இருவருக்கும் சும்மாவே கொடுத்திருந்தார். ஓஸ்மெல் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

என்ன பந்து எறிய வேண்டும் என்பதைக் கேட்சர் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டிச் சொல்வான். ஒரு விரல் என்றால் வேகப் பந்து. இரண்டு என்றால் வளைந்து வரும் பந்து. நான்கு விரல் என்றால் வேகமாகக் கிளம்புவது போல் கிளம்பி, மெதுவாக வந்து ஏமாற்றும் பந்து. எங்கள் மைதானத்து விளக்குகள் அழுதுவடியும். அதனால் ஆட்டமுள்ள நாளில், சரியாக நான்கு மணிக்கு, அடுக்களை மேசையில் உட்கார்ந்து வலது கை நகங்களில் வெர்னாவின் வெள்ளை நகப்பூச்சைப் பூசிக்கொள்வான். யாரோடு டான்ஸுக்குப் போகிறாய் கண்ணே என்று கிண்டல் செய்வேன்.

"உனக்காகத்தாண்டா பூசுறேன், குருட்டுப் பயலே" என்பான்.

அவனுடைய சுண்டுவிரல் எப்போதோ உடைந்து கோணலாக ஒட்டியது. நான்கு காட்டும்போது அது மட்டும் விலகி நிற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மட்டையோடு நின்ற கடைசி ஆளுக்கு நான்கு காட்டினான். மாட்டேன் என்று தலையாட்டினேன். மறுபடியும் நான்கு. மறுபடியும் மறுத்துவிட்டு என் இஷ்டத்துக்கு வேகப் பந்தை எறிந்தேன். அவன் அடித்த அடியில் அது வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. தோற்றோம்.

கோச் ஹாலிஸ் இருவரையும் தன் அறையில் நிற்க வைத்து, அந்தப் பந்தை யார் கேட்டது என்றார். அதற்கு முன்பே இரண்டு ஆட்டங்களில் சொதப்பியிருந்தேன். பயந்துவிட்டேன்.

"அவன்தான் காட்டினான்" என்றேன்.

ஓஸ்மெல் ஒரே ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆமா கோச். நான்தான்."

திங்கட்கிழமை அவனை அணியிலிருந்து நீக்கினார்கள். செவ்வாய் பகலில் ஊர்க்காரன் ஒருவனின் வேனில் கிளம்பினான். நான் படிக்கட்டில் நின்றேன். மன்னிச்சுக்கோடா என்ற ஒரு சொல் வரவில்லை. அவன்தான் பேசினான்.

"சாப்பிட்டுட்டுப் போடா. இன்னைக்கு நீ எறியணும்."

மாலை மணி 4.00. அடுக்களைக்கு வந்தேன். வெர்னா இல்லை. மேசையில் நகப்பூச்சுப் பாட்டில் திறந்து கிடந்தது. தூரிகையில் ஈரம். வெர்னாவின் மறதி என்று நினைத்து மூடி வைத்தேன்.

மைதானத்தில் பெரிய லீக் அணியின் தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் சொதப்பினால் நீயும் பெட்டி கட்டு என்று ஹாலிஸ் சொல்லிவிட்டார். புதுக் கேட்சர் பெயர் டட்டில். வாட்டசாட்டமானவன்.

7.05. முதல் பந்து. டட்டில் குந்தினான். விரல் நீண்டது.

வெள்ளை நகம்.

பரவாயில்லை, இவனும் பூசிக்கொண்டான் என்று நினைத்தேன். சொன்னதை எறிந்தேன். ஒருவனாலும் தொட முடியவில்லை. மூன்று சுற்று முடிந்து உட்கார்ந்தபோது டட்டில் உறுமினான்.

"நான் ஒண்ணு காட்டுறேன், நீ வேற எறியுற. என் கட்டைவிரல் போயிடும்டா."

அவன் வலது கையைப் பார்த்தேன்.

நகங்களில் அழுக்கு மட்டும்தான் இருந்தது. பூச்சு இல்லை.

8.10. மறுபடி பந்து எறியும் மேட்டில் ஏறினேன். அதே வெள்ளை விரல்கள்... கையுறைக்கு மேலே டட்டிலின் முகம்தான். ஆனால் கீழே...

நான்கு விரல். சுண்டுவிரல் விலகி நின்றது.

கூட்டத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

9.11. கடைசி ஆள். ஒரு ரன்தான் முன்னால் இருக்கிறோம்.

நான்கு.

வேண்டாம் என்று என் தலை ஆடியது. பாழாய்ப்போன பழக்கம்.

நான்கு.

மறுபடியும் ஆட்டினேன்...

நான்கு.

சரி என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

எறிந்தேன். மட்டைக்காரன் காற்றை அடித்தான்.

ஜெயித்தோம். மேல் அணிக்குப் போகிறாய் என்று ஹாலிஸ் முதுகில் தட்டினார். ஓஸ்மெலிடம் சொல்ல வேண்டும், எப்படியாவது அவன் காலில் விழ வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

காலை 6.20. வெர்னா வந்தார். கையில் ஓஸ்மெலின் ஷூ.

வேன் மீது லாரி மோதியிருக்கிறது. அவன் சட்டைப்பையில் வெர்னாவின் எண் இருந்ததால் 2.30-க்கு ஃபோன் வந்து, போட்டது போட்டபடி நாற்பது மைல் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நகப்பூச்சைப் பற்றிக் கேட்டேன்.

"நான் அதத் தொடவே இல்லையேப்பா."

அவன் கண்ணே திறக்கவில்லையாம். ஏழு மணிக்கு மேல் வலது கை மட்டும் அசைய ஆரம்பித்திருக்கிறது. விரல்கள் நீள்வதும் மடங்குவதுமாக. அசையும்போதெல்லாம் நேரத்தோடு குறித்து வையுங்கள் என்று நர்ஸ் சொன்னதால், ஒரு கவரின் பின்புறம் எழுதியிருந்தார்.

பத்து மணிக்கு ஹாலிஸிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"இத ஞாயித்துக்கிழமையே சொல்லிருக்கணும்" என்றார்.

எங்கள் அணியில் மறுநாள் எறிய வேண்டியவன்தான் முதல் நாள் ஆட்டத்தின் ஒவ்வொரு பந்தையும் எழுதி வைப்பான். அந்தத் தாளை வாங்கி, கவரின் பக்கத்தில் வைத்தேன். எறிந்த பந்துகள் தொண்ணூற்றிரண்டு. ஒன்று, ஒன்று, இரண்டு, நான்கு... வரிக்கு வரி அதேதான். நாங்கள் ஓய்வாக உட்கார்ந்த நேரங்களில் அவன் கையும் ஓய்ந்திருந்தது.

கவரில் மட்டும் இரண்டு வரி கூடுதல், நான் மறுத்த இரண்டு. கடைசியில், வெர்னாவின் கையெழுத்தில்:

9.11 – நான்கு விரல்.

9.11 – நான்கு விரல்.

9.11 – நான்கு விரல். இந்த முறை மடக்கவில்லை. யாரோ சரி என்று சொல்லக் காத்திருப்பவன் மாதிரி நீட்டியே வைத்திருந்தான். பிறகு மடக்கினான். மூச்சு நின்றது.