ஸ்பொஞ்சு பிரஷ்ஷால் அக்கா பூசிய கதவுகள்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களில் பலருடைய வீட்டுக் கதவோ அலுமாரியோ எங்கள் அக்காவின் கைபட்டதாகத்தான் இருக்கும். ஆகவே அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அவர் எப்படி அந்த வேலைக்கு வந்தார், எதையெல்லாம் தாண்டி அதில் நிலைத்தார் என்பதை, அவருக்கு நேர் இளையவளான நான் எழுத வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினார்கள். ஆண்டு ஒன்று ஓடிவிட்ட பிறகும் ‘இருந்தார்’ என்று எழுதக் கை தயங்குகிறது.

ஹல்துமுல்லைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அம்மா நோயில் விழுந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனார். அதனால்தான் இளையவர்களான நாங்கள் படித்தோம்.

பண்டாரவளையில் தச்சுப் பட்டறை வைத்திருந்த அத்தானை மணந்த பிறகும் அக்கா ஓய்ந்திருக்கவில்லை. அத்தான் மரவேலையில் கெட்டிக்காரர். வார்னிஷ் பூசுவது மட்டும் அவருக்கு வராது. அதற்கென வெளியிலிருந்து ஒருவர் வருவார். ஒரு கல்யாண வீட்டுக்கு அலுமாரி கொடுக்க வேண்டிய வாரத்தில் அந்த ஆள் வரவேயில்லை. அக்கா தாமே பிரஷ்ஷை எடுத்தார். காய்ந்த பிறகு பார்த்தால், கதவு முழுவதும் பிரஷ் இழுத்த கோடுகள். இடையிடையே உதிர்ந்த முடிகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. கல்யாண வீட்டார் அலுமாரியை எடுக்காமலே திரும்பினார்கள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று வாசலில் அவர்கள் பேசிக்கொண்டு போனது அக்காவின் மனத்தில் தைத்துவிட்டது.

மறுநாளே ஹார்ட்வெயார் கடைக்குப் போய், எல்லோரும் நானா என்று அழைக்கும் கடைக்காரரிடம் முடி உதிராத பிரஷ் இருக்கிறதா என்று கேட்டார். நானா தூசி படிந்த பெட்டி ஒன்றை எடுத்துவைத்தார். மரக் கைப்பிடி, அதன் முனையில் ஆப்பு மாதிரி சீவிய கறுப்பு ஸ்பொஞ்சு. ஒருமுறை பூசிவிட்டு எறிந்துவிட வேண்டியதுதான். பூச்சு வேலை செய்யும் பாஸ்மார் இதை விளையாட்டுச் சாமான் என்று தொடுவதேயில்லை என்று சொல்லி நானா சிரித்தாராம்.

அக்கா துண்டுப் பலகைகளில் பூசிப் பூசிப் பழகினார். லெக்கர் பூச்சில் தோய்த்த முதல் ஸ்பொஞ்சு கரைந்து பிசினாக வழிந்தது. வார்னிஷில் கரையவில்லை. முழுக்க முக்கினால் சொட்டியது. அழுத்தினால் குமிழி எழுந்தது. முனையை மட்டும் நனைத்து, மெல்ல ஒரே போக்கில் இழுத்தபோது கண்ணாடி போல் படிந்தது. பிறகு அந்த அலுமாரியைச் சுரண்டி, மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டுத் தேய்த்து, மறுபடி பூசினார். கல்யாணம் முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் அத்தானை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே அதைக் கொண்டுபோனார். வீட்டுக்காரம்மா கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே வைக்கச் சொன்னார்.

கறிவேப்பிலைக் காம்பைக்கூட வீணாக்காத அக்கா, அந்தப் பிரஷ்ஷை மட்டும் இரண்டாம் முறை தொடமாட்டார். அத்தான் ஒருநாள் கழுவிக் காயவைத்ததை அக்கா தூக்கி எறிந்துவிட்டு, “பழசுல பூசினா தூள் ஒட்டிக்குங்க. அவங்க வீட்டுல அது காலத்துக்கும் நிக்கும்ல” என்றார்.

வேலை பெருகியதும், தம்மோடு கொழுந்து எடுத்த தோழியரைப் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். நாட்டில் நெருக்கடி வந்து இறக்குமதி நின்றபோது, எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலின் புதிய பெஞ்சுகளைப் பூசும் பொறுப்பு அவர்களிடம் இருந்தது. திருநாள் நெருங்கியது, எந்தக் கடையிலும் ஸ்பொஞ்சு பிரஷ் இல்லை. வேலையை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். ஃபாதர் நேரில் வந்து கேட்டார்.

“திருநாளுக்கு முந்தி முடிஞ்சிரும் ஃபாதர். நீங்க வேற ஆளப் பார்க்க வேணாம்” என்றார் அக்கா.

அப்போது அவர் கையில் ஒரு பிரஷ்கூட இல்லை. சோபா செய்பவரிடம் போய் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தார். பெரிய துளைகள் உள்ள மெத்தை ஸ்பொஞ்சு குமிழி விட்டது. நெருக்கமான துளைகள் உள்ளதைத் தேடி எடுத்து, பிளேடால் ஆப்பாகச் சீவி, மெல்லிய பலகைச் சீவலில் நூலால் கட்டினார்கள். பிற்பகலில் மூடுபனி கோயிலுக்குள்ளேயே வந்து பூச்சைக் காயவிடாது; ஆகவே வெயில் இருக்கும் நேரத்தில் மட்டும் பூசினார்கள். திருநாளன்று வெள்ளை உடுப்போடு உட்கார்ந்தவர்கள் ஒட்டாமல் எழுந்தார்கள். ஃபாதர் பீடத்திலிருந்து அக்காவின் பெயரைச் சொல்லி நன்றி கூறியபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் இருந்த எங்கள் அப்பா மட்டும் எழுந்து நின்று, திரும்பி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வயிற்றில் புற்றுநோய் வந்தது. கடைசி நாட்களில் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஹாலிஎலயில் கட்டிய ஒரு புதுவீட்டுக்கான கதவுகள் பட்டறையில் பாதி பூசிய நிலையில் கிடந்தன. பார்க்க வந்த தோழியரிடம், கடைசிப் பூச்சு போட்டாயிற்றா என்றுதான் கேட்டார். நீங்கள் வந்து பார்த்த பிறகு போடுகிறோம் என்றார்கள்.

“எனக்காக வெச்சிக்கிட்டு இருக்காதீங்க. குடிபோற வீடு, கதவு இல்லாம நிக்கப்படாது.”

அந்த வாரமே அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அக்காவைத் தம் வீட்டுப் பெண் போலக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், உடனிருந்து செபித்த ஃபாதருக்கும், கடையை அடைத்துவிட்டுக் கல்லறைவரை நடந்துவந்த நானாவுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தூரதேசங்களிலிருந்து ஆறுதல் சொன்ன உறவினர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் தோழியர் பட்டறையைத் திறந்தார்கள். புதுப் பிரஷ்ஷை எடுத்து, அழுதுகொண்டேதான் அந்தக் கதவுகளுக்குக் கடைசிப் பூச்சைப் போட்டார்கள். குடிபுகும் நாளில் நானும் ஹாலிஎலவுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு குமிழி இல்லை. அக்கா பார்த்திருந்தால் குறை ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அடுத்த வேலை யார் வீட்டுக்கு என்றுதான் கேட்டிருப்பார்.

குடும்பத்தார் சார்பில்,
தங்கை