தமிழ் தெரியாத சாமி

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பேய், செய்வினை என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். ஒஸ்லோவில் கோயிலுக்கு நான் போவதே தேருக்கு மட்டும்தான், அதுவும் அன்னதானத்துக்காக. ஆனால் இது நடந்தது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, டிசம்பர் மாதம். நானும் என் மனைவியின் தம்பி ரவியும் சேர்ந்து, வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்க ஒரு வான் ஓடிக்கொண்டிருந்தோம். சில மாதங்களாக, நாங்கள் பேசி முடித்த வேலையெல்லாம் கடைசி நேரத்தில் வேறொருவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரவிதான் காட்டிக்கொடுக்கிறான் என்று என் மனம் சொன்னது. ஆனால் அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது, அவளுக்குத் தம்பி என்றால் உயிர்.

அன்று லில்லெஸ்ட்ரோமில், முதியோர் இல்லத்துக்குப் போகிற ஒரு நோர்வேக் கிழவியின் வீடு. அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு மரக்கோயில் இருந்தது, உள்ளே சிலை இல்லை, வட்டக் கண்ணாடி மட்டும். ஜப்பான்காரரின் ஷின்டோ சாமியாம், கப்பலில் வேலை செய்த தகப்பன் கொண்டுவந்ததாம். ஒரு காலத்தில் ஜப்பானில் ஒரு கோட்டைக்குள் இருந்ததாம். சிற்றரசனும் தம்பியும், ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று தாளில் எழுதி, இதன் முன்னால் எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்களாம். அந்த வாரமே தம்பி எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டானாம். தம்பிக்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்லாமலே கிழவி கோப்பி போடப் போய்விட்டாள்.

எனக்கு அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"சாமிக்கு முன்னாலை சொல்லு ரவி, நீதானே எங்கடை வேலையளை அவனுக்குக் குடுக்கிறாய்?"

"என்ன அத்தான் விசர்க்கதை கதைக்கிறியள்? சத்தியம் பண்ணட்டே?"

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வானுக்குக் காட்டுகிற கற்பூரத்தை வண்டியிலிருந்து எடுத்துவந்து, கண்ணாடிக்கு முன் ஒரு தட்டில் கொளுத்தி, "நான் காட்டிக்குடுக்கேல்லை" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கையை விரித்தால் கை நிறையச் சாம்பல். கற்பூரம் சாம்பல் விடுமா, நீங்களே சொல்லுங்கள். விபூதி மாதிரியும் இல்லை, கடதாசி எரிந்த கருஞ்சாம்பல், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கிழவி கோப்பியோடு வந்தாள். நடந்த எதையும் அவள் பார்க்கவில்லை. ரவியின் முகத்தைப் பார்த்தாள், கோப்பியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், ஸ்டோவ்னர் தாண்டுவதற்குள் அவனாகவே அழுதான்.

"நான்தான் அத்தான். அந்தச் சாமிக்குத் தமிழ் விளங்காதெண்டு நினைச்சுத்தான் சத்தியம் பண்ணினனான். அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை.

இப்போதும் வெஸ்ட்லியில் எங்கள் வீட்டுக்கு ரவி வருவான். தண்ணீர் கொடுத்தால் முதலில் தம்ளரின் அடியைப் பார்ப்பான், சுத்தமாகத்தான் இருக்கும், பிறகுதான் குடிப்பான். அவன் போனதும் மனைவிக்கு முன் ஓடிப்போய் நான்தான் அதைக் கழுவுவேன். நம்பினால் நம்புங்கள், அடியில் ஒவ்வொரு முறையும் அதே கருஞ்சாம்பல்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மறந்துவிட்டேன். மனைவி தம்ளரோடு வந்து நின்றாள்.

"ஏனப்பா, தம்பி எப்பயிருந்து சிகரெட் பத்துறவன்?"